யானைக்கால் நோயாளரும் குடும்பத்தார் கடமையும்

(கூத்தாநல்லூரில் நமது சங்கத்து மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், பல வீடுகளில் இருந்தும் வாயாற் சொல்லக் கூசுவதாகிய யானைக்கால் வியாதியாகும். கும்பகோணம் என்றதும் வெற்றிலையோடு இதனையும் சேர்த்து நினைக்கும்படி, காவிரிப் பாசனச் சீமையில் இவ்வியாதி நெடுங்காலம் குடிகொண்டிருந்தது. எமது வலக்காலும் பல ஆண்டுகளாக இதற்கு உட்பட்டதாகலின், கேட்டறிந்ததோடு அனுபவித்ததையும் சொல்லுகின்றோம்.

வீக்கத்தினும் மிகுதியாக எம்மை வருத்துவது அதன் நிலையாமையே. காலையில் கடைத்தெருவுக்கு நடந்து சென்றவன் பிற்பகலில் குளிர் நடுக்கத்தோடு போர்த்துப் படுக்கிறான். தொடையிடுக்கில் நெறி கட்டுகிறது, கால் சிவந்து கொதிக்கிறது, ஜுரம் ஏறுகிறது. சில நாட்களில் யாவும் தணிந்து மீண்டும் நடமாடுகிறான். இதனைக் காணும் வீட்டார், "நேற்று நன்றாகத்தானே இருந்தார்? வேலை என்றதும் காய்ச்சல் வந்துவிட்டதோ?" என்கின்றனர். ஒரு நடவுக் காலத்தில் எம்மை நோக்கியும் இச்சொல் எழுந்தது. அதற்கு அஞ்சி ஜுரத்தோடு சேற்றில் இறங்கினோம். அத்தடவை முழங்கால் வரை ஏறிய வீக்கம் பின்பு முற்றும் வடியவேயில்லை.

இந்த ஜுரத்துக்கு அமாவாசையும் பௌர்ணமியுமே காரணம் என்பார் உளர். வைத்திய சாஸ்திரம் கூறுவது வேறு. நூல்போன்ற நுண்புழுக்கள் கொசுக்கடியால் உடலிற் புகுந்து, நிணநீர் செல்லும் குழாய்களைக் கெடுக்கின்றன. இதிற் கொசுவின் பங்கை 1877-ஆம் ஆண்டில் சீன தேசத்து அமோய் நகரில் பாட்ரிக் மான்சன் என்னும் வைத்தியர் கண்டறிந்தார். குழாய் கெட்ட காலில் நீர் தங்கும். அக்காலிலுள்ள சேற்றுப்புண், முள் குத்திய காயம் முதலியவற்றின் வழியே வேறு கிருமிகள் நுழைவதனாலேயே பெரும்பாலும் திடீர் ஜுரம் உண்டாகிறது. அஃது அடிக்கடி வர வர, வீக்கமும் மிகுகிறது. ஆகையால் நோயாளி படுப்பது வேலைக்கள்ளம் அன்று.

செய்யத்தக்கது யாது? நல்ல நாட்களிலேயே காலைப் பேணுதல் வேண்டும். தினமும் சவுக்காரமிட்டுக் கழுவி, விரலிடுக்குகளில் ஈரம் தங்காதபடி மெல்லிய துணியால் ஒற்றி, சிறு புண்ணுக்கும் மருந்திடுக. செருப்பின்றி நடவற்க. உட்காரும்போது காலை உயர்த்தி வைக்க. ஜுரம் வந்துவிட்டால் ஓய்வு கொண்டு, குளிர்ந்த நீரில் நனைத்த துணியைக் காலில் இட்டு, வைத்தியரிடம் காட்டுக. சூட்டு ஒத்தடமும், தோலைக் கீறிவிடுதலும் கூடா. அரசாங்கத்தார் வழங்கும் மாத்திரை நோய் பரவாமல் தடுக்கும். நெடுநாள் வீங்கிய காலைப் பழைய நிலைக்குக் கொணராது. அயலிலுள்ள இலங்கை, இந்நோய் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இராதபடி ஒழிந்ததென்று 2016-இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் அங்கீகாரம் பெற்றது. முயற்சி வீண்போகாது என்பதற்கு அதுவே சான்று.

தாய்மார்களே! கிணற்றடியில் நோயாளிக்கென ஒரு முக்காலியும், சவுக்காரமும், உலர்ந்த துணியும் வையுங்கள். இளைஞர்களே! "இன்று இயலாது" என்று பெரியவர் சொன்னால் நம்புங்கள். நாளை அவர் எழுந்து நடந்தால், இன்று சொன்னது பொய்யென்று எண்ணாதீர்கள். அந்நம்பிக்கை அன்று எமக்குக் கிடைத்திருப்பின், யாம் சேற்றில் இறங்கியிரோம்.