எடைக்கோடும் நிறக்கோடும்



2025 செப்டம்பரில் லாஸ் வேகாஸ் நகரில் டெரன்ஸ் கிராஃபோர்டு, கனேலோ அல்வாரெஸைப் புள்ளிக் கணக்கில் தோற்கடித்தார். முந்தைய சண்டையை 154 பவுண்டு பிரிவில் ஆடியவர், 168 பவுண்டுக்கு ஏறி வந்து வென்றார். அந்த வெற்றியை நானும் கொண்டாடினேன். ஆனால் அதையொட்டி எழுந்த பேச்சில் ஒன்று உறுத்தியது. ‘மேல் எடைக்குப் போய் ஜெயித்துக் காட்டினால்தான் உண்மையான சாம்பியன்’ என்றார்கள். தன் எடையிலேயே இருந்து, எதிரே வந்த எல்லோரையும் வென்றவர் ஏதோ ஒரு படி குறைந்தவர் என்பதுபோல. இதே பேச்சை நாம் வேறோர் இடத்திலும் கேட்டிருக்கிறோம். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில், எடைப்பிரிவு எதற்காக இருக்கிறது? தெருச் சண்டையில் யாரும் எடை பார்ப்பதில்லை. பெரிய உடம்பு அடிக்கும், சின்ன உடம்பு வாங்கும். அதை விளையாட்டாக மாற்றியதில் எடைப்பிரிவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1909இல் லண்டனின் நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப் எட்டுப் பிரிவுகளை வரையறுத்தது. இன்று அந்த எண்ணிக்கை இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. 90 கிலோ ஆள் 60 கிலோ ஆளை வீழ்த்தினால் அதைத் திறமை என்று யாரும் சொல்வதில்லை. எடையைச் சமமாக்கிய பிறகு எது மிஞ்சுகிறதோ, அதைத்தான் திறமை என்கிறோம்.

மேலே ஏறச் சொல்வது எளிது. அடி வாங்குவது வேறொருவரின் உடல். 2016இல் கெல் புரூக் 147 பவுண்டு பிரிவிலிருந்து 160க்கு ஏறி கென்னடி கோலோவ்கினைச் சந்தித்தார். ஐந்தாம் சுற்றில் புரூக்கின் பயிற்சியாளரே துண்டை வீசிச் சண்டையை நிறுத்தினார். கண்குழி எலும்பு உடைந்திருந்தது. இன்னொரு பக்கம் மார்வின் ஹேக்லர். 1980 முதல் 1987 வரை மிடில்வெயிட் சாம்பியன். பட்டத்தை 12 முறை தக்கவைத்தவர். மேல் எடைக்கு அவர் போகவே இல்லை. அவரது மகத்துவம் அதனால் ஒரு துளியும் குறையவில்லை.

இப்போது ஒரு பெயரைச் சொல்கிறேன்: சாம் லாங்ஃபோர்டு. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்த கறுப்பினத்தவர். சுமார் ஐந்தடி ஏழங்குல உயரம். 1903இல், அப்போதைய லைட்வெயிட் சாம்பியன் ஜோ கான்ஸைத் தோற்கடித்தார்; அது பட்டத்துக்கான சண்டை அல்ல. அடுத்த ஆண்டு வெல்டர்வெயிட் சாம்பியன் ஜோ வால்காட்டுடன் மோதி ‘டிரா’ செய்தார். 1906இல், தன்னைவிட ஏறக்குறைய 30 பவுண்டு கூடுதலான ஜாக் ஜான்சனோடு 15 சுற்று நின்று தோற்றார். பிறகு ஹெவிவெயிட்களோடுதான் அவரது வாழ்க்கை. லைட்வெயிட்டிலிருந்து ஹெவிவெயிட் வரை ஏறிய அந்த மனிதருக்குக் கடைசிவரை ஓர் உலகப் பட்டம்கூடக் கிடைக்கவில்லை.

ஏன்? ஏனென்றால் அங்கே இன்னொரு கோடு இருந்தது. ஆங்கிலத்தில் ‘கலர் லைன்’ என்பார்கள். நாம் நிறக்கோடு என்போம். ஜான் எல். சல்லிவன் கறுப்பர்களோடு பட்டத்துக்கு மோத மாட்டேன் என்று வெளிப்படையாகவே அறிவித்த சாம்பியன். 1919 முதல் 1926 வரை பட்டத்தை வைத்திருந்த ஜாக் டெம்ப்சி, ஹாரி வில்ஸ் என்ற கறுப்பினப் போட்டியாளரைக் கடைசிவரை களத்தில் சந்திக்கவில்லை. வாய்ப்பு மறுக்கப்பட்ட லாங்ஃபோர்டும் வில்ஸும் தங்களுக்குள்ளேயே பத்து முறைக்கு மேல் மோதிக்கொண்டார்கள். வேறு எங்கே போவார்கள்? லாங்ஃபோர்டு பார்வையை இழந்தார். 1944இல் ஒரு பத்திரிகையாளர் தேடிக் கண்டுபிடித்தபோது, ஹார்லெமில் வறுமையில் கிடந்தார்.

எடைக்கோடு சிறிய உடலைக் காப்பதற்காகப் போடப்பட்டது. நிறக்கோடு சாம்பியனின் பட்டத்தைக் காப்பதற்காகப் போடப்பட்டது. எடையைத் தாண்டு என்று வீரரிடம் கேட்பவர்கள், நிறக்கோட்டின் பின்னால் ஒளிந்த சாம்பியன்களிடம் அதே கண்டிப்போடு கேட்டார்களா?

இதில் நமக்கு வலிக்கும் ஓர் உண்மையும் உண்டு. 1908இல் சிட்னியில் டாமி பர்ன்ஸை வீழ்த்தி ஜாக் ஜான்சன் முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். லாங்ஃபோர்டுக்குப் பட்டச் சண்டை வாய்ப்பை அவரும் தரவில்லை. இரண்டு கறுப்பர்கள் மோதினால் பெரிய பணம் வராது என்ற சந்தைக் கணக்கு அதில் இருந்தது. படிநிலைச் சமத்துவமின்மை பற்றி அம்பேத்கர் சொன்னதை அறிந்த நமக்கு இது புதிதல்ல. மேலே ஏறியவர் கதவைத் திறந்து வைக்கிறாரா என்பதும் மகத்துவத்தின் அளவுகோல்தான்.

நம் நாட்டுக்கு வருவோம். மணிப்பூரின் கோம் பழங்குடியைச் சேர்ந்த மேரி கோம், 2010க்குள் ஐந்து முறை உலக சாம்பியன். எல்லாம் 48 கிலோவுக்குள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பெண்கள் குத்துச்சண்டை சேர்க்கப்பட்டது. ஆண்களுக்கு 10 பிரிவுகள். பெண்களுக்கு மூன்றே மூன்று. அதில் மிகக் குறைந்தது 51 கிலோ. மேரி கோம் 51 கிலோவுக்கு ஏறினார். மகத்துவத்தை நிரூபிக்க அல்ல. அவரது எடைக்கு அங்கே இடமே வைக்கப்படவில்லை. வெண்கலத்தோடு திரும்பினார். அந்த மூன்று கிலோவை யார் கணக்கில் எழுதுவது?

தொடக்கத்தில் சொன்ன அந்த இன்னோர் இடம் இதுதான். ‘கோட்டாவில்தானே வந்தாய்? பொதுப் பிரிவில் நின்று ஜெயித்துக் காட்டு.’ ஆய்வு மாணவர்கள் இதைக் கல்லூரி வாசலிலேயே கேட்டுவிடுகிறோம். ‘மேல் எடைக்கு வா’ என்பதன் நம்மூர் மொழிபெயர்ப்பு அது.

ஆனால் இந்த ஒப்புமையை அப்படியே ஏற்கவும் கூடாது. எடை உடலில் இருக்கிறது. சாதி உடலில் இல்லை. நம்மில் யாரும் பிறப்பால் எடை குறைந்தவர் அல்லர். எதிரில் நிற்பவருக்குத் தலைமுறை தலைமுறையாக நிலம், பள்ளி, ஆங்கிலம், அதிகாரத்தில் உறவினர் என்று எடை சேர்ந்திருக்கிறது. அந்த எடையைத் தராசில் ஏற்றாமலேயே ‘தகுதி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இன்னொன்று: பொதுப் பிரிவு மேல் எடைப்பிரிவும் அல்ல, யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்ததும் அல்ல. திறந்த போட்டியில் தேர்வாகும் பட்டியலினத்தவரை, பிற்படுத்தப்பட்டவரை இடஒதுக்கீட்டுக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று 1992 இந்திரா சஹானி தீர்ப்பே சொல்லிவிட்டது. அது எல்லோருக்கும் உரிய களம். நாம் அங்கே நிற்பது உரிமையால். யாருக்கும் எதையும் நிரூபிக்க அல்ல.

ஆகவே என் பதில் இது. ஒரு வீரர் விரும்பி மேல் எடைக்குப் போனால் கைதட்டுவோம். போகாவிட்டால் குறை சொல்ல மாட்டோம். சாம்பியனிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: உன் எடையில், உன் பட்டத்துக்கு உரிமை கோரி நிற்கும் ஆள் எவராக இருந்தாலும் அவரைச் சந்தித்தாயா? டெம்ப்சியிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. நாளை நம்மில் சிலர் பேராசிரியராவோம், தேர்வுக் குழுவில் உட்காருவோம். அப்போது வெளியே காத்திருக்கும் லாங்ஃபோர்டு, அதே கேள்வியை நம்மிடமும் கேட்பார்.