திருட்டு அலாரத்துக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

வீட்டுக்குத் திருட்டு அலாரம் வாங்கும்போது எந்தக் கம்பெனி, எத்தனை சென்சார், சைரன் எவ்வளவு சத்தம் என்றெல்லாம் விசாரிக்கிறோம். அந்தப் பெட்டிக்குக் கரண்ட் எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று மட்டும் கேட்பதில்லை. இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ஊருக்குப் போகும்போது நாம் என்ன செய்கிறோம்? கேஸை மூடுகிறோம், மெயினை அணைக்கிறோம், கதவைப் பூட்டுகிறோம். நல்ல பழக்கம்தான். ஆனால் மெயினை அணைத்ததும் அலாரத்துக்கும் கரண்ட் நின்றுவிடுகிறது.

"உள்ளே பேட்டரி இருக்கிறதே" என்பீர்கள். கணக்கைப் பாருங்கள். வயர் இழுத்துப் பொருத்தும் அலாரங்களில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி இருக்கும். பேனலும் சென்சார்களும் சேர்ந்து 0.3 ஆம்பியர் இழுத்தால், புது பேட்டரியே சுமார் 23 மணி நேரம்தான் தாங்கும். மூன்று நான்கு வருடப் பழைய பேட்டரி அவ்வளவு நேரம் தாங்காமல் போகலாம். பொங்கலுக்கு நான்கு நாள் போனால், முதல் இரவு அலாரம் விழித்திருக்கும். அடுத்த இரவுகளில் அது வெறும் டப்பா.

மெயினை அணைக்காமல் போனாலும் இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று, பிளக் பாயிண்ட். போன் சார்ஜ் போடவோ, வீடு துடைக்கவோ யாராவது பிளக்கைப் பிடுங்கினால் உடனே நாம் கவனிக்காமல் போகலாம். பேட்டரி தீர்ந்த பிறகுதான் தெரிய வரலாம். இரண்டாவது, ஆர்.சி.சி.பி. பல வீடுகளில் எல்லா லைனுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. மழையில் பால்கனி சுவிட்ச் நனைந்தாலோ, ஃப்ரிட்ஜில் லீக்கேஜ் வந்தாலோ அது ட்ரிப் ஆகிவிடும். அதைத் தூக்கிவிட வீட்டில் ஆள் இல்லை.

இதற்கு வழி, அலாரத்துக்கென்று தனி லைன். உங்கள் எலக்ட்ரீஷியனிடம் இப்படிக் கேளுங்கள்:

1. டி.பி. பாக்ஸில் மெயின் ஐசொலேட்டருக்குப் பிறகு, பொது ஆர்.சி.சி.பி.க்கு முன்னால், அலாரத்துக்கு மட்டும் 6 ஆம்பியர் ஆர்.சி.பி.ஓ. போட வேண்டும்.

2. ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் அங்கிருந்தே எடுக்க வேண்டும். நியூட்ரலை மட்டும் பொது லைனில் சேர்த்தால் ஆர்.சி.சி.பி. ட்ரிப் ஆகிக்கொண்டே இருக்கும்.

3. 1.5 சதுர மி.மீ. செம்பு வயரில் எர்த்தும் சேர்த்து இழுத்து, பிளக் இல்லாமல் நேராகப் பேனலுக்குள் இணைக்க வேண்டும். இரும்புப் பெட்டியாக இருந்தால் எர்த் கட்டாயம்.

4. அந்த பிரேக்கரில் "அலாரம் - அணைக்காதீர்" என்று ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும்.

இப்படிச் செய்தால், ஊருக்குப் போகும்போது ஐசொலேட்டரைத் தொடாமல் ஆர்.சி.சி.பி.யை மட்டும் இறக்கிவிட்டுப் போகலாம். வீடு முழுக்க கரண்ட் நிற்கும். அலாரம் மட்டும் ஓடும். டி.பி. பாக்ஸில் இடம் இல்லாதவர்கள் ஐசொலேட்டரையும் ஆர்.சி.சி.பி.யையும் ஆனில் விட்டு, மற்ற எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக இறக்கிவிட்டுப் போகலாம். வைஃபை வழியாகப் போனுக்குத் தகவல் அனுப்பும் அலாரம் என்றால், ரவுட்டருக்கும் கரண்ட் வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

இது லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை. நாமே டி.பி. பாக்ஸைத் திறக்க வேண்டாம்.

நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எல்லோரும் வீட்டில் இருக்கும் ஒரு நாள், இரவு அலாரத்தின் பிரேக்கரை மட்டும் அணையுங்கள். தனி பிரேக்கர் இல்லையென்றால் அது இருக்கும் லைனின் எம்.சி.பி.யை அணைக்கலாம். காலையில் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்லிவிட்டு சைரனை ஒலிக்க விடுங்கள். சத்தம் வராவிட்டால் பேட்டரியை மாற்றுங்கள். பார்த்து முடித்ததும் பிரேக்கரை மறக்காமல் ஆன் செய்துவிடுங்கள்.

அடுத்த விடுமுறைக்கு டிக்கெட் போடும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.