இ.சி.ஜி. தாளைக் கண்டு பயப்பட வேண்டாம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் உடல்நலக் குழு சார்பில் பேசியது)



சேமிப்பு, கடன், வட்டி என்று பதிவேட்டை வரி வரியாகப் பார்க்கிறோம். ஆனால் ஆஸ்பத்திரியில் கொடுக்கிற இ.சி.ஜி. தாளை மட்டும் மடித்து மஞ்சப்பைக்குள் போட்டுவிடுகிறோம். அதில் என்னதான் இருக்கிறது?

கிணற்று மோட்டார் கரண்டில் ஓடுகிற மாதிரி, நம் இதயமும் தனக்குள்ளே உண்டாகிற சிறு மின்சாரத்தால்தான் துடிக்கிறது. அதைக் கோடாக வரைந்து காட்டுவதுதான் இ.சி.ஜி. நெஞ்சிலும் கை கால்களிலும் 10 இடத்தில் ஒயர் வைப்பார்கள். ஷாக் அடிக்காது. மெஷின் நம் உடம்புக்குள் கரண்டை விடுவதில்லை. இருப்பதைப் பதிவு செய்கிறது, அவ்வளவுதான்.

ஒவ்வொரு துடிப்புக்கும் தாளில் மூன்று அடையாளம் உண்டு. முதலில் சின்ன மேடு: இதயத்தின் மேல் அறைகள் வேலை செய்கின்றன. அடுத்து பனைமரம் போல உயர்ந்த கூர்: கீழ் அறைகள் ரத்தத்தை வெளியே தள்ளுகின்றன. பிறகு அகலமான மேடு: கீழ் அறைகள் அடுத்த துடிப்புக்குத் தயாராகின்றன.

துடிப்பை நாமே எண்ணலாம். ஒரு கூருக்கும் அடுத்த கூருக்கும் நடுவே எத்தனை பெரிய கட்டம் என்று பாருங்கள். 300-ஐ அந்த எண்ணால் வகுக்க வேண்டும். 4 கட்டம் என்றால் நிமிடத்துக்கு 75 துடிப்பு. சும்மா இருக்கும்போது 60 முதல் 100 வரை சரியான அளவு. கூர்கள் ஒரே சீரான இடைவெளியில் வருகிறதா என்றும் பார்க்கலாம்.

கூருக்குப் பிறகு கோடு பழைய மட்டத்துக்கு இறங்க வேண்டும். இறங்காமல் தூக்கி நின்றால் ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர்தான். இன்னொன்று, முதல் இ.சி.ஜி. நன்றாக இருந்தாலும் மாரடைப்பு இல்லை என்று அர்த்தமில்லை. வலி நிற்காவிட்டால் மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

நமக்கு ஆபத்தே தாமதத்தில்தான் இருக்கிறது. தீப்பெட்டி ஆபீசில் உட்கார்ந்திருக்கும்போதோ, காட்டில் களை எடுக்கும்போதோ நெஞ்சு இறுக்கினால், "வாயுப்பிடிப்பு" என்று சோடா குடித்துவிட்டுப் படுத்து விடுகிறோம். பெண்களுக்கு நெஞ்சுவலி பெரிதாகத் தெரியாமல் மூச்சுவாங்கல், தாடை வலி, முதுகு வலி, வாந்தி, தாங்க முடியாத அசதி என்றும் வரலாம். நெஞ்சைத் திறந்து காட்டக் கூச்சப்பட்டுத் தள்ளிப்போடவும் வேண்டாம். "நர்சம்மா வந்து எடுக்கட்டும்" என்று கேட்பதில் தப்பே இல்லை.

உடனே 108-க்குப் போன் செய்யுங்கள், காசு கிடையாது. 2023-ல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, மாரடைப்பு அறிகுறியோடு வருகிறவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். ரத்தக்குழாய் அடைத்தபின் போகிற ஒவ்வொரு நிமிடமும் இதயத்தசைக்கு நஷ்டம்.

கடைசியாக ஒன்று. பழைய இ.சி.ஜி. தாளைத் தூக்கிப் போடாதீர்கள். புதியதோடு ஒப்பிட டாக்டருக்கு அது உதவும். வெயிலில் வைத்தால் எழுத்து மங்கும், லேமினேஷன் செய்தால் தாள் கறுத்துப்போகும். ஒரு ஜெராக்ஸ் எடுத்து ரேஷன் கார்டோடு வையுங்கள்.

இந்த மாதக் குழுக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் பேசி முடிவு செய்ய வேண்டியது இதுதான்: ராத்திரியில் ஒருத்திக்கு நெஞ்சு வலித்தால் கூடப் போவது யார், அவசரச் செலவுக்குப் பணம் எடுத்துத் தருவது யார்? முடிவைத் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவோம்.