மூன்றால் பெருக்காதீர்கள்

(நமது சங்கத்தின் குப்பம் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"வெளிநாட்டில் வாத்தியார் வேலை கட்டுப்படியாகுமா?" என்பது எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. நம்மிடையே வாத்தியார் என்றால் தர்ப்பைக் கட்டும் பஞ்சாங்கமும்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். நான் பேசப்போவது கரும்பலகை வாத்தியாரைப் பற்றி. இப்போது நம் பிள்ளைகள் சிலர் சீனாவில் பாடம் சொல்லித்தரப் போகலாமா என்று கேட்கிறார்கள். பெரிய சம்பளம் இல்லை. ஆனாலும் ஆசை இருக்கிறது.

நான் சீனா போனவனில்லை. பி.எஸ்ஸி. முடித்து, சித்தூர் ஜில்லாவிலேயே அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் என் அத்திம்பேர் 1968 முதல் 1977 வரை எத்தியோப்பியாவில் கணக்கும் பௌதிகமும் சொல்லிக்கொடுத்தார். அக்கா எழுதிய கடிதங்களும் அவள் வைத்திருந்த வரவு செலவு நோட்டும் என்னிடம் இருக்கின்றன. சீனாவுக்குப் போகிறவர்களுக்கும் அந்த நோட்டில் பாடம் உண்டு.

கொஞ்சம் சரித்திரம். 1941-ல் இத்தாலியின் பிடியிலிருந்து மீண்ட பிறகு, பேரரசர் ஹெய்லி செலாசி நாடெங்கும் பள்ளிக்கூடங்களைத் திறந்தார். மேல் வகுப்புகள் ஆங்கிலத்தில் நடந்தன. சொல்லித்தர அங்கே போதிய ஆள் இல்லை. 1962 முதல் அமெரிக்க அமைதிப் படைத் தொண்டர்கள் வந்தார்கள். நம் நாட்டிலிருந்தும் ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் போனார்கள். கேரளத்தவர் அதிகம், தமிழரும் உண்டு. ஊர் ஊராக, மலை மலையாக அவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள்.

அத்திம்பேருக்கு வேலை வடக்கே கோண்டரில். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல். ஏறக்குறைய நம் ஊட்டிக் குளிர். அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகாது. அக்கா ஊரிலிருந்து கொண்டுபோன பிரஷர் குக்கர்தான் மண்ணெண்ணெய்ச் செலவைப் பாதியாக்கியது என்று எழுதியிருக்கிறாள்.

அரிசி அந்த ஊர்ச் சாப்பாடே இல்லை. கடையில் கிடைத்தது இறக்குமதிச் சரக்கு, விலை அதிகம். முதல் ஆறு மாதம் பிடிவாதமாக அரிசி வாங்கினார்கள். சம்பளத்தில் பெரும் பங்கு அதற்கே போயிற்று. பிறகு அக்கா அக்கம்பக்கத்தாரைப் பார்த்து டெஃப் என்ற தானியத்துக்கு மாறினாள். நம் குப்பத்துக் கேழ்வரகுக்கு அது தூரத்து உறவு. கேழ்வரகின் பிறப்பிடமும் கிழக்கு ஆப்பிரிக்க மலைநாடுதான். டெஃப் மாவைக் கரைத்து இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்து, பெரிய கல்லில் வார்த்தால் இஞ்ஜெரா. புளித்த தோசை மாதிரியே இருக்கும். அங்குள்ள கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளி தவறாமல் நோன்பு இருப்பவர்கள். அன்று மாமிசம், முட்டை மட்டுமல்ல, பால், நெய்கூடத் தொடமாட்டார்கள். கடலை மாவுக் குழம்பு, மசூர் பருப்பு, கீரை எல்லாம் தாராளமாகக் கிடைக்கும். காபியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அதன் ஜென்ம பூமியே அது! சாப்பாட்டை மாற்றிக்கொண்ட மாதம் முதல் நோட்டில் மிச்சம் தெரிகிறது.

இன்னொரு வேடிக்கை. அந்த நாட்டுக் கடிகாரம் நம் நாழிகைக் கணக்கு மாதிரி சூரியோதயத்திலிருந்து ஓடும். நம் காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. வருஷத்துக்குப் பதின்மூன்று மாதம். கடைசி மாதம் ஐந்து அல்லது ஆறே நாள். "அந்தக் குட்டி மாதத்துக்குச் சம்பளம் கிடையாது, பசி மட்டும் உண்டு" என்பார் அத்திம்பேர்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 1966 ஜூனில் நம் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டு, ஒரு அமெரிக்க டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50 ஆயிற்று. இரண்டரை எத்தியோப்பிய டாலர் ஒரு அமெரிக்க டாலருக்குச் சமம். ஆக, அவர்கள் டாலர் ஒன்றுக்கு நம் ரூபாய் மூன்று. இந்த மூன்றுதான் வினை.

அத்திம்பேரின் தங்கைக்கு 1971-ல் கல்யாணம் நிச்சயமாயிற்று. அத்திம்பேர் மாதம் தவறாமல் ஒரே தொகையை அனுப்பி வந்தார். அந்தத் தொகைக்குள் செய்திருந்தால் பிரச்சினை இல்லை. ஊரில் பெரியவர்கள் உட்கார்ந்து அவர் சம்பளத்தை மூன்றால் பெருக்கினார்கள். சத்திரம் பெரிதாயிற்று, சீர் பெரிதாயிற்று, மீதிக்குக் கடன் வாங்கினார்கள். "வருமானத்தை மூன்றால் பெருக்கினேளே, இங்கே ஆகிற செலவை யார் பெருக்குவா?" என்று அக்கா கேட்டு எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. அது போய்ச் சேர்ந்தபோது பத்திரிகை அச்சாகிவிட்டது.

கல்யாணம் நன்றாகவே நடந்தது; அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 1972-ல் ஊர் வருவதற்கென்று அவர்கள் சேர்த்திருந்த பணம் அந்தக் கடனுக்குப் போயிற்று. மறு வருஷம் அத்திம்பேரின் தாயார் தவறிப்போனாள். தந்தி கோண்டருக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கர்மாவைத் தம்பி செய்தான். அந்த மாதம் அக்காவின் நோட்டில் வரவு மட்டும் எழுதியிருக்கிறது. செலவுப் பக்கம் காலி.

1974 செப்டம்பரில் பேரரசரை ராணுவம் இறக்கிவிட்டது. அடுத்த வருஷம் வங்கிகள் அரசுடைமை ஆயின. மாதாமாதம் அனுப்பி வந்ததால் இவர்களுக்கு அங்கே சிக்கிக்கொள்ளப் பெரிய தொகை இல்லை. 1977-ல் இரண்டு டிரங்குப் பெட்டியோடு திரும்பினார்கள். பங்களா கட்டவில்லை. குழந்தைகள் படித்தார்கள், கடன் இல்லை. அது போதும் என்பேன்.

சீனாவுக்கும் இந்தப் பாடங்கள் பொருந்தும். சில விஷயங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். ஆங்கில மொழி கற்பிக்கப் பெரும்பாலும் ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள நாட்டவரையே எடுக்கிறார்கள். நம்மவர்களுக்கு விஞ்ஞானம், மருத்துவம் போன்ற பாடங்களில்தான் வாய்ப்பு. இஸட் விசாவும் வேலை அனுமதியும் இல்லாமல் போகவே கூடாது. மாணவர் விசாவில் போய்ப் பாடம் எடுப்பது சட்ட விரோதம். சாயந்திரம் டியூஷன் எடுத்துச் சமாளிக்கலாம் என்றும் எண்ண வேண்டாம். வேலை அனுமதி யாருக்காகவோ அவர்களிடம் மட்டுமே வேலை செய்யலாம். 2021 ஜூலைக்குப் பிறகு பள்ளிப் பாடத் தனிப்பயிற்சிக்கே அங்கே கடும் கட்டுப்பாடு.

கல்லூரி வளாகத்திலேயே குடியிருப்பு தருவார்களா என்பது முதல் கேள்வி. வாடகை மிச்சமானால் சிறிய சம்பளமும் பெரிதாகும். குளிர்காலத்தில் வடக்கு நகரங்களில் கட்டடம் முழுவதையும் சூடாக்கும் ஏற்பாடு உண்டு. தெற்கே பெரும்பாலும் இல்லை, அந்த மின்சாரச் செலவு நம் தலையில். சைவச் சாப்பாட்டுக்கு "சூ" என்ற ஒரு சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள். பௌத்தக் கோயில்களை ஒட்டி அத்தகைய உணவகங்கள் உண்டு. பாஷை தெரியாதவனுக்கு எந்த ஊரிலும் விலை ஒரு படி கூடுதல். இங்கே குப்பத்தில் 1997-ல் திராவிடப் பல்கலைக்கழகம் வந்த பிறகு வெளி மாநில ஆசிரியர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். காய்கறிக்காரரிடம் தெலுங்கில் பேரம் பேசக் கற்றவர்கள் சௌகரியமாக இருந்தார்கள்.

பிள்ளைகளுக்கு மூன்றே வார்த்தை: அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள், அந்த ஊர்ப் பாஷையைப் பேசுங்கள், வீட்டுக்கு ஒரே தொகையாக மாதாமாதம் அனுப்புங்கள்.

பெற்றவர்களுக்கு ஒரே வார்த்தை. 2025-ல் ஒரு சீன யுவான் சுமார் பன்னிரண்டு ரூபாயாக இருந்தது. பன்னிரண்டால் பெருக்காதீர்கள். பிள்ளை எவ்வளவு வாங்குகிறான் என்று கேட்பதற்கு முன்னால், அடுத்த லீவுக்கு டிக்கெட் பணம் எடுத்துவைத்திருக்கிறானா என்று கேளுங்கள். அந்தப் பணத்தில் மட்டும் யாரும் கை வைக்க வேண்டாம்.