நீரும் நாமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் மொழியின் பெருமையைப் பேசுவது நம் மரபு. இவ்வாண்டு நீரைப் பற்றிப் பேசுமாறு குழுவினர் பணித்திருக்கிறார்கள். இலக்கியத்தில் நீர் என்று தொடங்கி, நான்கு உவமைகளைக் கூறி இறங்கிவிட்டாலும் நீங்கள் கைதட்டுவீர்கள். நம் அன்பர்களின் பண்பு அத்தகையது. எனினும் இக்கல்கத்தா மாநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி வேறொன்று இருக்கிறது. லேக் மார்க்கெட்டிற்கு வாழையிலையும் முருங்கைக்காயும் வாங்க நாம் வாரந்தோறும் செல்கிறோம். அந்த அங்காடிக்குப் பெயர் தந்த ஏரி, இன்று இரவீந்திர சரோவர் என வழங்குவது, அருகிலேயே இருக்கிறது. மாலையில் அதன் கரையில் உலவுகிறோம், நிலக்கடலை கொறிக்கிறோம். அங்குள்ள நீச்சற் கழகங்களில் வங்காளச் சிறுவரும் சிறுமியரும் துள்ளி விளையாடுவதைக் கண்டு வியக்கிறோம். நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்? இக்கூடத்திலேயே கையை உயர்த்தச் சொன்னால், உயரும் கைகளை எண்ண இரண்டு கை விரல்கள் போதும் என்றே அஞ்சுகிறோம்.

காவிரிக் கரையிலிருந்தும் பொருநைக் கரையிலிருந்தும் வந்தவர்களுக்கு இந்நிலை எவ்வாறு நேர்ந்தது?

தமிழர் நீருக்கு அயலார் அல்லர். குளித்தல் என்னும் சொல்லையே எண்ணிப் பாருங்கள். வாளி நீரை மேலே ஊற்றிக்கொள்வதையும் குளிப்பது என்கிறோம்; தூத்துக்குடிக் கடலில் முத்து எடுக்க இறங்குபவன் செய்வதையும் குளிப்பது என்கிறோம். பின்னதில்தான் சொல்லின் பழம்பொருள் உயிரோடு இருக்கிறது, அது மூழ்குதல். மூழ்க இடமே இல்லாத நான்கடிச் சதுரத்துக்குக் குளியலறை என்று நாம் பெயர் வைத்திருப்பதை நினைத்தால் நகைப்பு வருகிறது.

புறநானூற்றில் 243ஆம் பாட்டு ஒரு முதியவரின் பாட்டு. பாடியவரின் இயற்பெயர் கூட நமக்குத் தெரியாது. அவர் ஊன்றிய கோலைக் கொண்டே தொடித்தலை விழுத்தண்டினார் என்று பெயரிட்டுவிட்டார்கள். இருமலுக்கு இடையே பேசும் அம்முதியவர் இழந்த செல்வத்தை எண்ணி வருந்தவில்லை, பதவியையும் நினைக்கவில்லை. கரையில் நின்றோர் மருள, நீரின்மேல் தாழ்ந்த மருதமரக் கிளையில் ஏறி, ஆழ்ந்த மடுவில் குதித்து, அடிமணலை அள்ளி வந்து காட்டிய இளமையையே எண்ணி ஏங்குகிறார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அவர் நமக்கு அண்டை வீட்டுத் தாத்தாவைப் போலவே தோன்றுகிறார். பாய்ந்தேன் என்பதோடு அவர் நிறுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். மணலைக் கொண்டுவந்து காட்டினால்தான் அடிவரை சென்றதற்குச் சான்று. நம் ஊர்க் கிணறுகளிலும் அண்மைக் காலம் வரை சிறுவர்கள் இதே சான்றைத்தான் கேட்டார்கள்.

நீர் அள்ளிக்கொண்டு போன கதையும் நம் இலக்கியத்தில் இருக்கிறது. கரிகாலன் மகள் ஆதிமந்தியின் கணவன் ஆட்டனத்தி, கழார்த் துறையில் நடந்த புனல் விழாவில் ஆடியபொழுது காவிரி அவனைக் கவர்ந்து சென்றது. அவள் அழுதுகொண்டே கரை நெடுகத் தேடினாள். நீரில் ஆட வல்லவனையே நீர் கொண்டது. முன்னோர் இவ்விரண்டையும் சேர்த்தே பாடி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் ஆற்றை வணங்கினார்கள். ஆடிப் பதினெட்டில் மஞ்சளும் கருகமணியும் இட்டு வழிபட்டார்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று குழந்தைக்குச் சொல்லியும் வைத்தார்கள்.

ஆனால் பழமையைப் புகழும்போது ஒரு பகுதியை மறைத்துப் பேசுவது அறமன்று. ஊர்க் குளம் ஊரார் அனைவருக்கும் உரியதாக இருந்ததில்லை. இன்னார் இறங்கலாம், இன்னார் கரையிலும் நிற்கலாகாது என்ற கொடுமை பல ஊர்களில் இருந்தது. 1927ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் மகாராட்டிரத்து மகாடு என்னும் ஊரில், பொதுக் குளத்தில் ஒரு கை நீர் அள்ளிப் பருகுவதற்கே அம்பேத்கர் ஒரு பெரும் அறப்போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. பருகவே இடமில்லாதவனுக்கு நீந்த இடம் ஏது? இனி நம் பெண்டிர் நிலை. படித்துறையில் கழுத்தளவு நீரில் நின்று மூழ்கி எழுவது வரை அவர்களுக்கு ஒப்புதல் உண்டு. தம்பி கிணற்றில் குதிப்பான். அக்காள் அவனுடைய சட்டையை வைத்துக்கொண்டு கரையில் நிற்பாள். ஆற்றங்கரை நாகரிகம் என்று நாம் மார்தட்டும்போது, அந்த நாகரிகத்தில் பாதிப் பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இதன் விலை சிறிதன்று. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபொழுது நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஆண்களைவிடப் பெண்களே மிகுதியாக மாண்டார்கள். காரணங்கள் பல. குழந்தைகளைக் காக்கப் பின்தங்கினார்கள். மீன் வாங்கக் கரையில் காத்திருந்தார்கள். சேலை காலைக் கட்டியது. நீந்தப் பழக்காததும் அக்காரணங்களுள் ஒன்று.

நாம் வாழவந்த இந்நாட்டைப் பாருங்கள். வங்காளத்துச் சிற்றூரில் வீட்டுக்கு ஒரு புகுர் என்று சொல்லத்தக்க அளவுக்குக் குளங்கள் மலிந்திருக்கின்றன. கடுகெண்ணெயைத் தேய்த்துக்கொண்டு அதில் இறங்குவது அன்றாடக் கடமை. இந்நகரிலும் கல்லூரிச் சதுக்கத்துக் குளத்திலும் வடக்கே ஹேதுவாக் குளத்திலும் நீச்சற் கழகங்கள் நெடுங்காலமாக நடந்து வருகின்றன. 1951இல் தில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர் நீச்சலில் பொற்பதக்கம் வென்ற சச்சின் நாக் வங்காளியே. முர்ஷிதாபாத் மாவட்டத்தில் பாகீரதியில் நடைபெறும் போட்டியின் தொலைவு 81 கிலோமீட்டர் என்று கேட்டபொழுது, அச்சுப் பிழையோ என்றே முதலில் ஐயுற்றோம்.

ஆரத்தி சாகாவின் வரலாற்றை நம் தாய்மார்கள் தங்கள் பெண்மக்களுக்குச் சொல்ல வேண்டும். 1940இல் பிறந்த அவர், நான்கு வயதில் சிற்றப்பனாருடன் சம்பாதலாக் கட்டத்துக்குக் குளிக்கப் போனவர். அங்கேயே நீந்தக் கற்றுக்கொண்டார். அவரை அச்சுறுத்திக் கரையேற்றாமல் நீச்சற் கழகத்தில் சேர்த்தார் தந்தையார். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்கு இந்தியாவின் சார்பில் சென்றபோது அவருக்கு வயது பதினொன்றே. 1959 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்று தோற்றார். அடுத்த மாதம் 29ஆம் நாள் மீண்டும் இறங்கி, 16 மணி 20 நிமிடம் நீந்திக் கரை சேர்ந்தார். அக்கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண்மணி அவரே.

நம்மில் வயது முதிர்ந்தோர், இனி என்ன கற்பது என்று சொல்வதைக் கேட்கிறோம். அவர்களுக்கு மிஹிர் சேனைக் காட்டுவோம். புருலியாவில் பிறந்து, சட்டம் பயில இலண்டன் சென்றவர் அவர். கால்வாயைக் கடக்கும் ஆசை தோன்றிய பிறகே, நீச்சலை முறையாகக் கற்க அங்கே ஒரு நீச்சற் குளத்தில் சேர்ந்தார். 1958 செப்டம்பர் 27இல் 14 மணி 45 நிமிடத்தில் கால்வாயைக் கடந்தார். பின்னர் 1966 ஏப்ரலில் அவர் நம் பாக்கு நீரிணைக்கே வந்தார். தலைமன்னாரில் இறங்கி, பாம்பும் சுறாவும் உலவும் கடலில் 25 மணி 36 நிமிடம் நீந்தித் தனுஷ்கோடிக் கரையில் ஏறினார். 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த அதே தனுஷ்கோடிதான்.

நம்மவரும் சோர்ந்திருக்கவில்லை. முருகுப்பிள்ளை நவரத்தினசாமி 1954லேயே வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரைக்கு நீந்தி வந்துவிட்டார். அதே ஊரைச் சேர்ந்த ஆனந்தன் 1971இல் போகவும் வரவுமாக அந்நீரிணையைக் கடந்தார். 1984இல் ஆங்கிலக் கால்வாய் அவரைக் கொண்டது. சென்னைச் சிறுவன் குற்றாலீசுவரன் 1994ஆம் ஆண்டு ஒன்றிலேயே ஆறு நீரிணைகளைக் கடந்து, மிஹிர் சேன் ஓராண்டில் ஐந்து கடந்த சாதனையை முறியடித்தான். ஆற்றல் நம் குருதியில் உண்டா என்ற கேள்விக்கு இவர்களே விடை. பழக்கம் இருக்கிறதா என்பதே நம் கேள்வி.

இனிச் சற்றுக் கவலையோடு சொல்ல வேண்டிய செய்தி. காவிரியில் பழகிய கால், ஹுக்ளியை அறியாது. காவிரி ஒரு திசையில் ஓடும். அதன் சுழி எங்கே, மதகு எங்கே என்று ஊரார் அறிவர். இங்கோ கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளே இருந்தும், ஆறு நாளுக்கு இருமுறை திரும்பி மேல்நோக்கி ஓடுகிறது. கடல் ஓதம் உள்ளே ஏறும்போது சில நாள்களில் நீர் ஒரு சுவரைப் போல எழுந்து வருவதும் உண்டு. வங்காளத்தார் அதனை பான் என்பார்கள். படகோட்டி அதன் ஒலி கேட்டதும் படகை நடு ஆற்றுக்குத் தள்ளிவிடுவான். கரையோரத்தில்தான் அது மோதி உடைக்கும். இது எப்பொழுது வலுக்கும்? ஞாயிறும் திங்களும் ஒருசேர இழுக்கும் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில். நம் பெரியோர்கள் தர்ப்பணத்துக்கும் புனித நீராடலுக்கும் கட்டத்தில் இறங்குவதும் அதே நாள்களில் அன்றோ? இறங்க வேண்டா என்று சொல்ல நமக்கு உரிமையில்லை, சொல்லவும் மாட்டோம். ஏற்றவற்ற நேரத்தைப் படகுத்துறையில் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்; சங்கிலியைப் பிடித்துக்கொள்ளுங்கள்; பாசி படிந்த கடைசிப் படியை நம்பாதீர்கள்.

உலகில் 2021ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 3,00,000 பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என்று உலக நல நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் 29 வயதைக் கடவாதவர்கள். நால்வரில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தை. நம் சுந்தரவனப் பகுதியில், தாய் அடுப்படியில் இருக்கும் நேரத்தில், வீட்டை அடுத்த குளத்திலேயே மழலைகள் மறைகின்றன. திரைப்படத்தில் காட்டுவது போல மூழ்குபவர் கூச்சலிடுவதில்லை. மூச்சுக்குத் தவிப்பவருக்குக் குரல் எழாது. கையை அசைத்து அழைக்கவும் இயலாது. ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் ஓசையின்றி முடிந்துவிடும். குழந்தை நீரில் சத்தமிட்டு விளையாடினால் பயமில்லை. சத்தம் நின்றால் ஓடுங்கள்.

ஓடியவுடன் குதித்துவிடாதீர்கள். மூழ்குபவர் பிடித்த பிடியை விடமாட்டார்; ஒரு சாவு இரண்டாகும். கழி இருந்தால் நீட்டுங்கள்; கயிறோ வேட்டியோ இருந்தால் வீசுங்கள். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டத்துக் கொட்டரை அணையில் நான்கு இளைஞர்கள் மூழ்கினர். அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் மூவர், உடுத்திய சேலையைக் கழற்றி வீசி இருவரை இழுத்துக் கரை சேர்த்தார்கள். மற்ற இருவரைக் காக்க முடியவில்லை. தமிழக அரசு அம்மூவருக்கும் கல்பனா சாவ்லா விருது அளித்தது. நாணம் பெரிதா உயிர் பெரிதா என்று அவர்கள் பட்டிமன்றம் நடத்திக்கொண்டு நிற்கவில்லை.

கற்கும் முறையைப் பற்றியும் ஒரு சொல். நம் ஊரில் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டுவார்கள். இடுப்பில் கயிற்றைக் கட்டிக் கிணற்றில் இறக்குவார்கள். இவை நல்ல முறைகள். மாமனோ அண்ணனோ பின்னால் வந்து தள்ளிவிடுவதும் ஒரு முறையாக இருந்தது. அதில் பத்துப் பேர் நீந்தக் கற்றார்கள் என்றால், வாழ்நாள் முழுதும் நீரைக் கண்டு நடுங்குவோர் ஐவரேனும் உருவானார்கள். அந்த ஐவர் வீட்டுப் பிள்ளைகள் இன்றைக்கும் நீரருகே போவதில்லை. நுரையீரல் நிறையக் காற்றிருந்தால் பெரும்பாலோர் உடல் மிதக்கவே செய்யும். அஞ்சிக் கைகளை மேலே தூக்கினால், தூக்கிய கையின் எடை முகத்தை நீருக்குள் அழுத்திவிடும். ஆகவே முதற்பாடம் கைவீச்சு அன்று. மூச்சை அடக்கி முகத்தை நீரில் வைப்பதும், மல்லாந்து படுத்து வானத்தைப் பார்ப்பதுமே முதற்பாடம். அறுபது வயதிலும் அதைக் கற்கலாம்.

சங்கத்தின் ஆட்சிக் குழு இது குறித்துச் சில வாரங்களுக்கு முன் கூடிப் பேசியது. வரும் கோடை விடுமுறையில் ஆறு வயது நிரம்பிய பிள்ளைகளுக்குக் காலை ஆறு மணிக்கும், பெண்களுக்கு மட்டும் ஏழு மணிக்கும் பயிற்சி நடத்த ஒரு கழகத்தார் இசைந்திருக்கிறார்கள். பெண்களுக்குக் கற்பிக்கப் பெண் ஆசிரியரே வருவார். முழங்கால் வரை மறைக்கும் உடை போதும் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். சேலையோடு இறங்க மட்டும் ஒப்பவில்லை. அவர்கள் சொல்வது சரியே. பெண்கள் வகுப்புக்குக் குறைந்தது பன்னிரண்டு பேர் வேண்டும். இதுவரை ஐவர் பெயர் தந்திருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் பேரன் பேத்தி எடுத்த பாட்டியார். ஏடு செயலாளரின் மேசைமேல் திறந்தே இருக்கிறது. எழுதுகோலும் அருகில் இருக்கிறது.