மலையேறும் வண்டிக்கு எஞ்சின் எங்கே இருக்க வேண்டும்?

கள்ளக்குறிச்சியில் கார் வாங்கப் போகிறவர் நாலு பேரிடம் யோசனை கேட்டால், அவர்களில் ஒருவராவது கல்வராயன் மலையைக் காட்டிப் பேசுவார். முன்சக்கரம் இழுக்கிற வண்டி சமவெளிக்குத்தான் சரி, கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏற பின்சக்கரம் தள்ளுகிற வண்டிதான் வேண்டும் என்பார். இந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. அம்பாசிடரில் எஞ்சின் முன்னால் இருந்தது, ஓடியது பின்சக்கரம். 2000இல் வந்த பொலிரோவும் அப்படித்தான். இங்கிலாந்தில் 1959இல் மினி காருக்காக அலெக் இஸிகோனிஸ் எஞ்சினைக் குறுக்கே திருப்பி வைத்து முன்சக்கரங்களை ஓட்டினார். அந்த ஏற்பாட்டை 1983இல் மாருதி 800 நம் ஊர்த் தெருக்களுக்குக் கொண்டுவந்தது. இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலானவை அதே வழியில் வந்தவை. ஏற்றத்தில் எடை பின்னால் சாய்கிறது, அதனால் இவற்றின் முன்சக்கரம் பிடிப்பை இழக்கிறது என்பதுதான் பழைய ஓட்டுநர்களின் வாதம்.

வாதத்தின் அடிப்படை சரி, அளவுதான் தவறு. எட்டடி போனால் ஓரடி உயரும் ஏற்றத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு சிறிய காரில் சரிவு மட்டும் முன்னிருந்து பின்னுக்குத் தள்ளும் எடை, மொத்தத்தில் நூற்றுக்கு மூன்று பங்குகூட வராது. பின்சீட்டில் மூன்று பேரும் டிக்கியில் மூட்டையும் ஏறும்போது நகர்வதோ பத்துப் பங்குக்கு மேல். ஆக முன்சக்கரத்தின் மேலிருக்கும் எடையைக் குறைப்பது மலையைவிட நாம் ஏற்றும் சுமைதான். அப்படி நிறைந்த காரிலும் முன்சக்கரங்கள் பாதிக்குச் சற்றுக் குறைவான எடையைத் தாங்கும். அந்த எடையில் கால்பங்குக்குக் கொஞ்சம் கூடுதலான பிடிப்பு இருந்தால் வண்டி ஏறிவிடும். நனைந்த தார்ச்சாலைகூட நல்ல டயருக்குப் பாதியளவு பிடிப்பைத் தரும். வெள்ளிமலைக்குத் தார்ச்சாலையில் போகிறவருக்கு இந்தக் கவலையே வேண்டாம்.

ஆனால் கொண்டை ஊசி வளைவில் முன்சக்கரம் சுழன்று நிற்பதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வளைவில் உள்பக்கச் சக்கரத்தின் மேல் எடை குறைகிறது. சாதாரண டிஃபரன்ஷியல் இருபக்கமும் சமமாகத்தான் இழுவையைக் கொடுக்கும் என்பதால், லேசான சக்கரம் வெறுமனே சுழன்றால் மற்றதும் பயனற்றுப் போகிறது. அதே முன்சக்கரம்தான் வண்டியைத் திருப்பவும் வேண்டும். அதனால் முன்னிழுவைக் கார் இங்கே சற்று முன்னதாகவே திணறும் என்பது உண்மை. தாரில்லாத மண்பாதையில் மழை பெய்தால், சேற்றின் பிடிப்பு கால்பங்குக்கும் கீழே போகக்கூடும். அங்கே பழைய ஓட்டுநர்கள் சொல்வது முழுவதும் சரி. மலைக்குள் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களின் பாதைகளில் பழகியவர்களின் அனுபவத்தைத் தள்ளிவிடக் கூடாது. அந்தப் பாதையின் தீர்ப்பை எல்லாச் சாலைக்கும் பொருத்துவதைத்தான் நான் மறுக்கிறேன்.

பின்சக்கர வண்டியை எப்போதும் நம்பலாமா என்றால், அதுவும் இல்லை. மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய பிக்கப்பில் எடையின் மூன்றில் இரண்டு பங்கு பின்சக்கரத்தின் மேல் உட்காரும். ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேலான பிடிப்பே அதற்குப் போதும், சேற்றிலும் ஏறும். கிழங்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது பின்பக்கம் காலி. இப்போது அதே ஏற்றத்துக்கு, ஆள் நிறைந்த முன்னிழுவைக் காரைவிடக் கூடுதலான பிடிப்பு அதற்குத் தேவைப்படுகிறது! வண்டி அதேதான், எஞ்சினும் அதே இடத்தில்தான் இருக்கிறது. இறக்கத்தில் இது இன்னும் ஆபத்தானது. எடை முன்னால் சாய, லேசான பின்சக்கரம் பிரேக்கில் பூட்டிக்கொண்டால் வால்பக்கம் வெளியே வீசும். காலி வண்டிதானே என்று வேகமாக இறங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும்.

1984இல் வந்த மாருதி ஆம்னி வேன் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. முன்சீட்டின் அடியில் எஞ்சின், ஓடுவது பின்சக்கரம், மேலே முழுவதும் ஆளுக்கும் சுமைக்கும் இடம். ஆள் ஏற ஏறப் பிடிப்பும் கூடும். அதற்குக் கொடுத்த விலை, மோதலைத் தாங்க ஓட்டுநரின் காலுக்கு முன்னால் எதுவும் இல்லாமல் போனது. புதிய பாதுகாப்பு விதிகள் வந்ததும் 2019இல் உற்பத்தி நின்றது. மாருதியின் ஈகோ வேன் அதே அமைப்பைத் தொடர்கிறது. 2009இல் விற்பனைக்கு வந்த நானோவில் எஞ்சினே பின்னால். ஏற்றத்துக்கு அது நல்லது. ஆனால் வால் கனத்த வண்டி வளைவில் பின்பக்கமாக வீசிப்போகும். அதைத் தடுக்கப் பொறியாளர்கள் முன்னால் 135 மில்லிமீட்டர், பின்னால் 155 மில்லிமீட்டர் அகல டயர்களைப் போட்டார்கள். எஞ்சினின் இடத்தைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடுகிறவர்கள், தேய்ந்த டயரை மாற்றும்போது முன்னதைப் பின்னால் போடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தால், அந்த இருபது மில்லிமீட்டரின் அருமை புரியும்.