இரவு 11 மணிக்கு நீங்கள் எங்கே?



சொகுசுக் கப்பலில் போய்வரலாமா என்று வீட்டில் பேச்செடுத்தால், எவ்வளவு ஆகும் என்ற கேள்விதான் முதலில் வரும். எந்தெந்த ஊர், சைவச் சாப்பாடு உண்டா, தலை சுற்றுமா என்பதெல்லாம் அடுத்தடுத்து வரும். அவற்றுக்கு முன்னால் நான் ஒன்று கேட்பேன். இரவு 11 மணிக்கு நீங்கள் வழக்கமாக எங்கே இருப்பீர்கள்? படுக்கையிலா, அரட்டையிலா, ஆட்டத்திலா? இதற்கு ஒளிக்காமல் பதில் சொல்லிவிட்டால், எந்த நிறுவனத்தின் கப்பலில் ஏறுவது என்பது பாதி முடிவாகிவிடும்.

கரையில் ஓட்டல் பிடிக்கவில்லை என்றால் எதிர்த் தெருவுக்குப் போய்விடலாம். கப்பல் மாலையில் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிவிட்டால் மறுநாள் காலைவரை அதுதான் உங்கள் ஊர், அதுதான் தெரு. கப்பல்காரர்களுக்கும் அந்த நேரம்தான் பொன்னான நேரம். பெரும்பாலான துறைமுகங்களில் கப்பல் நிற்கும்போது காசினோவையும் வரியில்லாக் கடைகளையும் மூடித்தான் வைத்திருப்பார்கள். கரை மறைந்த பிறகுதான் கல்லாப் பெட்டி திறக்கும். அதனால் இரவை எப்படி நிரப்புவது என்பதில் எல்லோருமே மூளையைச் செலவிடுகிறார்கள். ஆளுக்கு ஒரு வழி பிடித்தார்கள். அந்த வழியே அந்தந்த நிறுவனத்தின் குணமாகிவிட்டது.

குணம் எப்படி வந்தது என்பதற்கு மியாமியில் நடந்த ஒரு கதை உண்டு. 1972 மார்ச்சில் டெட் ஆரிசன் என்பவர், அட்லாண்டிக் கடலில் ஓடி ஓய்ந்த ஒரு பழைய கப்பலை வாங்கி, 'மார்டி கிரா' என்று புதுப்பெயர் வைத்து, கார்னிவல் நிறுவனத்தின் முதல் பயணத்தைத் தொடங்கினார். மியாமியைத் தாண்டுவதற்குள் கப்பல் மணல்திட்டில் ஏறி நின்றுவிட்டது. தொடக்கமே இப்படி, கையிலும் பணம் இல்லை, சீக்கிரமே உலகமெங்கும் எண்ணெய் விலையும் ஏறிவிட்டது. கப்பலை மெதுவாக ஓட்டினால் எண்ணெய் மிச்சம். ஆனால் மெதுவாக ஓட்டினால் நிற்கிற ஊர்கள் குறையும். ஊர் குறைந்தால் பயணிகளை என்ன செய்வது? கப்பலிலேயே கொண்டாட வைப்பது! ஆட்டம், பாட்டு, காசினோ, டிஸ்கோ எல்லாம் வந்தன. 'ஃபன் ஷிப்' என்று விளம்பரம் செய்தார்கள். அதுவரை வசதியான முதியவர்களின் பொழுதுபோக்கு என்றிருந்த கப்பல் பயணத்துக்குள் கடை ஊழியரும் கல்லூரி முடித்தவரும் வந்து சேர்ந்தார்கள். 1977ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய 'தி லவ் போட்' தொடர் மிச்ச வேலையை முடித்துக் கொடுத்தது.

கார்னிவல் கப்பல்களில் அந்தக் குணம் இன்னும் மாறவில்லை. பகலில் நீச்சல்குளத்தருகே, யாருக்கு நெஞ்சில் முடி அதிகம் என்று ஆண்களுக்குப் போட்டி நடக்கும். நிஜமாகத்தான் சொல்கிறேன். இரவில் கரோக்கி, பியானோவைச் சுற்றி உட்கார்ந்து கூட்டாகப் பாடும் பார், பெரியவர்களுக்கான நகைச்சுவை நிகழ்ச்சி, நள்ளிரவைத் தாண்டியும் நடனம். விலையும் குறைவு. இந்த இரைச்சல் பிடித்தவர்களுக்குச் சொர்க்கம். பிடிக்காதவர்கள் மலிவாக இருக்கிறதே என்று ஏறிவிட்டு, திரும்பி வந்து கப்பல் பயணத்தையே வைவார்கள். அது கப்பலின் குற்றம் இல்லை.

ராயல் கரீபியன் வேறு வழியில் போனது. எல்லா வயதினருக்கும் ஏதாவது ஒன்று என்பது அவர்கள் கணக்கு. 1999ல் 'வாயேஜர் ஆஃப் தி சீஸ்' கப்பலில் பனிச்சறுக்குத் தளத்தையே கட்டினார்கள். வெப்பமண்டலக் கடலின் நடுவே பனியில் ஆடுகிறார்கள்! 2024 ஜனவரியில் மியாமியிலிருந்து புறப்பட்ட 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலில் 20 தளங்கள். நிரம்பினால் 7,600 பயணிகள். இவ்வளவு பெரிய கப்பலில் ஒரு நன்மை, சத்தமும் அமைதியும் ஒன்றையொன்று பார்க்காமலே வாழ முடியும். குழந்தைகள் ஒரு மூலையில், லத்தீன் நடனம் இன்னொரு மூலையில், தாத்தா மரங்களுக்கு நடுவே ஒரு பெஞ்சில். ஆம், கப்பலுக்குள் மரங்களும் உண்டு.

குழந்தைகளே வேண்டாம் என்பவர்களுக்கு ரிச்சர்ட் பிரான்சனின் வர்ஜின் வாயேஜஸ். 2021ல் முதல் கப்பல் ஓடத் தொடங்கியது. 18 வயதுக்குக் கீழே யாரையும் ஏற்றுவதில்லை. பச்சை குத்திக்கொள்ளக் கப்பலிலேயே கடை இருக்கிறது. ஒருநாள் இரவு எல்லோரும் சிவப்பு உடையில் வந்து கும்மாளம் போடுவார்கள். மத்தியதரைக் கடலில் ஓடும்போது இபிசா தீவில் இரவும் நிற்கும் பயணங்கள் உண்டு. கிளப்புகளுக்குப் பெயர்போன அந்தத் தீவில் மாலை ஆறுக்குக் கப்பலைக் கிளப்பினால் என்ன பயன்? ஆனால் இது இருபது வயதுக்காரர்களின் கப்பல் என்று நினைத்துவிடாதீர்கள். நாற்பதிலும் ஐம்பதிலும் இருப்பவர்கள் நிறையப் பேர் ஏறுகிறார்கள். பிள்ளைகளை வளர்த்து முடித்தவர்களுக்கு வேறு யார் பிள்ளையும் கண்ணில் படக்கூடாது என்ற ஆசை இருக்கும்போல.

பெரியவர்கள் மட்டும் என்ற அதே விதி வைக்கிங் கப்பலில் முற்றிலும் வேறு இரவைத் தருகிறது. அங்கேயும் 18 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. ஆனால் காசினோவும் இல்லை. ஒரு கப்பலில் ஆயிரம் பேருக்கும் குறைவு. மாலையில் ஒரு வரலாற்று உரை, கொஞ்சம் செவ்வியல் இசை, பத்து மணிக்கு வராந்தாக்கள் காலி. இங்கிலாந்தின் சாகா நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போய் 50 வயது நிரம்பியவர்களுக்கென்றே கப்பல் ஓட்டுகிறது. வீட்டு வாசலுக்கே கார் அனுப்பி அழைத்துப் போகிறார்கள். 'வயது வந்தோருக்கு மட்டும்' என்ற பலகையைப் பார்த்து உற்சாகமாக ஏறிய இருபத்தைந்து வயதுக்காரர் வைக்கிங்கில் என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி எனக்குப் பிடித்த கப்பலுக்கு வருகிறேன். இரவு வாழ்க்கை என்றால் இளைஞர்களுக்கு உரியது என்று எவர் சொன்னாலும் நான் 'குவீன் மேரி 2' என்பேன். 1840 முதல் அட்லாண்டிக்கைக் கடந்துகொண்டிருக்கும் குனார்ட் நிறுவனத்தின் கப்பல் இது, 2004ல் வந்தது. சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்கு ஏழு இரவுகள். வழியில் ஓர் ஊர்கூட இல்லை, வெறும் கடல். மாலை ஆறு மணிக்கு மேல் உடை விதி உண்டு. விருந்து இரவுகளில் ஆண்கள் கறுப்புக் கோட்டும் வில் டையும், பெண்கள் தரைதொடும் ஆடையும் அணிந்து வருவார்கள். இதெல்லாம் எதற்கு என்பவர்கள் பஃபே பக்கமும் பப் பக்கமும் ஒதுங்கிக்கொள்ளலாம். 'குவீன்ஸ் ரூம்' என்ற பெரிய நடனக்கூடத்தில் நேரடி இசைக்குழு வால்ட்சும் ஃபாக்ஸ்டிராட்டும் வாசிக்கும். துணையில்லாமல் வந்த பெண்களோடு ஆடுவதற்கென்றே ஆண் நடனத் துணைவர்கள் இருக்கிறார்கள். ஒருவரோடு மட்டும் ஆடிக்கொண்டிருக்க அவர்களுக்கு அனுமதி கிடையாது. மாறி மாறி எல்லோரோடும் ஆட வேண்டும். எழுபது வயதைத் தாண்டிய பெண்கள் அங்கே ஆடுகிற வேகத்துக்குப் பல நைட் கிளப் இளைஞர்களால் ஈடுகொடுக்க முடியாது. மேற்கே போகும்போது ஐந்து இரவுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். ஆட இன்னும் ஒரு மணி நேரம் இலவசம். நைட் கிளப்பும் இல்லாமல் இல்லை. 'ஜி32' என்று பெயர். பிரான்சில் சான் நசேர் கப்பல் தளத்தில் கட்டப்பட்டபோது இந்தக் கப்பலுக்கு இருந்த எண் அது.

ஹாலந்து அமெரிக்கா 1873ல் தொடங்கிய நிறுவனம். ப்ளூஸ் இசை கேட்டுக்கொண்டே ஒரு கோப்பையோடு உட்கார்ந்திருக்க விரும்பும் நடுத்தர வயதுக்காரர்களும் ஓய்வுபெற்றவர்களும் அதைத் தேடிப் போகிறார்கள். டிஸ்னி கப்பல்களில் காசினோவே இல்லை, குழந்தைகளைக் கவனிக்கத் தனி ஏற்பாடு. ஆனால் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் பெற்றோர் போய் உட்காரத் தனிப் பார்களும் கிளப்பும் உண்டு. இத்தாலிய வேர்கள் கொண்ட எம்.எஸ்.சி., கோஸ்டா கப்பல்களில் பார்சிலோனா, மார்செய், ஜெனோவா என்று ஒவ்வொரு துறைமுகத்திலும் ஆள் ஏறுவதால் அறிவிப்பே பல மொழியில் வரும். ஐரோப்பிய வழக்கப்படி இரவுச் சாப்பாடு தாமதம்; ஐந்து வயதுக் குழந்தையும் நள்ளிரவில் நடன மேடையில் நிற்கும்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு சந்தேகத்தையும் கிளப்பிவிடுகிறேன். நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். அதே கப்பல், அதே பார், அதே இசைக்குழு. எத்தனை நாள் பயணம், எந்த மாதம் என்பதைப் பொறுத்துக் கூட்டம் அடியோடு மாறும். மியாமியிலிருந்து வெள்ளிக்கிழமை கிளம்பி பஹாமாஸ் போய்த் திங்கள் காலை திரும்பும் மூன்று இரவுப் பயணத்தில், வேலைக்குப் போகிற இளைஞர்கள் தூங்கவே மாட்டார்கள். ஏழு இரவு என்றால் குடும்பங்கள். பதினான்கு இரவு என்றால் யாருக்கு அவ்வளவு விடுப்பு கிடைக்கும்? ஓய்வுபெற்றவர்களுக்குத்தான். உலகத்தைச் சுற்றும் மாதக்கணக்கான பயணங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எந்த மாதம் போகிறீர்கள் என்பதும் இப்படித்தான். மார்ச்சில் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு வசந்த விடுமுறை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும் கிறிஸ்துமஸை ஒட்டியும் பள்ளிப் பிள்ளைகள். கரீபியனில் அமைதி வேண்டுமானால் செப்டம்பர், அக்டோபர் நல்ல காலம். விலையும் இறங்கியிருக்கும். ஏன் இறங்கியது என்று கேட்டால், அது புயல் பருவம்.

நான் சொல்வதற்குச் சென்னைத் துறைமுகமே சாட்சி. 2022 ஜூனில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கிவைத்த கார்டெலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' கப்பலை நேயர்களில் சிலர் பார்த்திருப்பீர்கள், சிலர் போயும் வந்திருப்பீர்கள். 1990ல் ராயல் கரீபியனுக்காக 'நார்டிக் எம்பிரஸ்' என்ற பெயரில் கட்டப்பட்ட கப்பல் அது. மூன்று, நான்கு இரவுப் பயணங்களுக்கென்றே வடிவமைத்தார்கள். குறைந்த நாளில் நிறைய ஆட்டம் என்பது அந்தக் கப்பலின் பிறவிக் குணம். 2023ல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கும் போனது. அதில் இரண்டு இரவு போய்விட்டு, ஒரே கூச்சல் என்று சலித்துக்கொள்பவர்கள் பயணத்தின் நாள் கணக்கை முதலில் பார்த்திருக்கலாம்.

இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து கிளம்பும் கப்பல்களில் மது தருவது 21 வயதுக்கு மேல்தான். ஐரோப்பாவிலிருந்து கிளம்பினால் பொதுவாக 18. கார்னிவல், ராயல் கரீபியன் போன்றவற்றில் அமெரிக்காவிலிருந்து போகும்போது 21 ஆகாதவர்கள் பெரியவர் துணையில்லாமல் அறை எடுக்கவும் முடியாது. மியாமியில் படிக்கும் 19 வயதுப் பேரன் நண்பர்களோடு கிளம்புகிறேன் என்று சொன்னால், சீட்டு வாங்குவதற்கு முன்னால் இந்த விதியைக் காட்டுங்கள். கார்னிவலில் 17 வயதும் அதற்குக் கீழும் இருப்பவர்கள் இரவு ஒரு மணிக்கு மேல் பெரியவர் துணையில்லாமல் பொது இடங்களில் சுற்றக்கூடாது என்ற கட்டுப்பாடும் இருக்கிறது. இந்தக் கட்டுப்பாட்டை நான் முழுமனதோடு வரவேற்கிறேன்.

நம் வீடுகளில் பெரும்பாலும் தனியாக யாரும் போவதில்லை. சிங்கப்பூரில் இருக்கும் மகன் அழைக்கிறான். பாட்டி, மகள், மருமகன், இரண்டு பேரப்பிள்ளைகள் என்று மூன்று தலைமுறை சேர்ந்து ஏறுகிறது. மரினா பே முனையத்திலிருந்து ராயல் கரீபியனின் பெரிய கப்பல்கள் ஓடுகின்றன. 'ஜென்டிங் டிரீம்' கப்பலும் சிங்கப்பூரிலிருந்துதான் ஓடுகிறது. இந்தியச் சைவ உணவும் ஜைன உணவும் அதில் கிடைக்கின்றன, காசினோவும் உண்டு. இப்படிக் கலந்த குடும்பத்துக்குச் சிறிய கப்பல் ஒத்துவராது. பெரிய கப்பலாகப் பாருங்கள். சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறையைத் தவிர்த்து, வார இறுதியையும் தவிர்த்து, நான்கு இரவுப் பயணமாக எடுங்கள்.

அறையை மட்டும் முகவரிடம் விட்டுவிடாதீர்கள். கப்பலின் தள வரைபடத்தை நிறுவனமே வெளியிடுகிறது. அதை வாங்கி வைத்துக்கொண்டு மேலும் கீழும் பாருங்கள். டிஸ்கோவுக்கு மேலே இருக்கும் அறையில் இரவு இரண்டு மணிவரை தரை அதிரும். நீச்சல்குளத் தளத்துக்குக் கீழே இருந்தால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம். மேலேயும் அறைகள், கீழேயும் அறைகள் என்று இருக்கும் தளமாகப் பார்த்து, ஆட்டம் குறைவாகத் தெரியும் கப்பலின் நடுப்பகுதியில் பாட்டிக்கு எடுங்கள். பக்கத்திலேயே லிஃப்ட் இருக்கட்டும். மகளும் மருமகனும் எங்கே படுத்தாலும் பரவாயில்லை. 11 மணிக்கு அவர்கள் அறையில் இருக்கப் போவதில்லை.